சபைக் கூச்சமும் கைப்பேசி வாக்கும்: பல்கலைக்கழக விரிவுரையில் ஊடாட்டத் தொழில்நுட்பம்

கெடா மாநிலத்தின் பீடோங், குரூண், சுங்கை பட்டாணி வட்டாரம் முதலில் பால்மரத்தாலும் பிறகு செம்பனையாலும் வாழ்ந்த தோட்டப் பகுதி. ஜெராய் மலையைச் சுற்றியுள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த லாடாங்குகளில் இருந்த லயத்து வீடுகள் பெரும்பாலும் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்து ஓரத் தாமான்களுக்கு இடம்பெயர்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் என்பது ஒரு காலத்தில் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ பேருந்து ஏறிப் போக வேண்டிய தொலைவில் இருந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட மலேசிய வட பல்கலைக்கழகம் பின்னர் வடக்கே சிந்தோக்கில் நிலைபெற்றது. ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. 2001-இல் நிறுவிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று பீடோங்–செமிலிங் சாலையிலேயே மருத்துவமும் பல் மருத்துவமும் மருந்தியலும் கற்பிக்கிறது. இடம் கிடைக்குமா என்ற கவலை தீர்ந்துவிடவில்லை என்றாலும், கிடைத்த இடத்தில் உட்கார்ந்த பிறகு விரிவுரை மண்டபத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

அந்தக் கேள்விக்கு விடையாக இப்போது அதிகம் பேசப்படுவது ஊடாட்டத் தொழில்நுட்பம். கைப்பேசியில் வாக்களிக்கும் வினாக்கள், திரையில் இழுத்து மாற்றிப் பார்க்கக்கூடிய உருவகச் சோதனைகள், விடையைத் தட்டியவுடன் சரி தவறு சொல்லும் இயங்கலைப் பயிற்சிகள், ஒரே ஆவணத்தில் பத்துப் பேர் சேர்ந்து எழுதும் வசதி என்று பலவும் இந்தப் பெயருக்குள் அடங்கும். கல்விக் கண்காட்சிகளில் இவை சாதனங்களாகவே விற்கப்படுவதால், தொடுதிரைப் பலகை வாங்கிய பல்கலைக்கழகம் முன்னேறியது என்றும் வாங்காதது பின்தங்கியது என்றும் ஒரு கணக்கு உருவாகிவிட்டது. அந்தக் கணக்கு தவறானது. இந்தச் சாதனங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்றுதான்: மாணவர் மனத்தில் இருப்பதை, அவர் வாய் திறக்க அஞ்சும் இடத்திலும், ஆசிரியர் கண்ணுக்குக் காட்டுவது. அதைச் செய்யாத சாதனம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அலங்காரமே.

இந்த முடிவுக்கு ஆதாரம் நாற்பது ஆண்டு ஆராய்ச்சியில் இருக்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராகிம் ஹல்லூனும் டேவிட் ஹெஸ்டினஸும் 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயற்பியல் முதலாண்டுப் பாடத்தை முடித்த மாணவர்கள் சூத்திரங்களைக் கொண்டு கணக்குப் போட்டாலும், விசை, இயக்கம் பற்றி அவர்கள் வகுப்புக்கு வருமுன் கொண்டிருந்த எண்ணங்கள் பெரும்பாலும் மாறாமலே இருக்கின்றன என்று அது காட்டியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவந்த எரிக் மசூர் அதைப் படித்துவிட்டு, தம் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு அதே தேர்வை அவர்களுக்கு வைத்தார். (ஹார்வர்ட் என்றால் பீடோங்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இங்குள்ள தோட்டமும் அதன் தமிழ்ப்பள்ளிகளும்தான், இது அமெரிக்காவில் உள்ளது.) தேர்வு நடக்கும்போது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி விடை எழுத வேண்டுமா, அல்லது நான் உண்மையில் நினைக்கிறபடியா என்று கேட்டார். மாணவர் மதிப்பீட்டில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியருக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

1991-இலிருந்து மசூர் கையாளத் தொடங்கிய முறை, சக மாணவர் வழிக் கற்பித்தல் எனலாம். விரிவுரையாளர் சிறிது நேரம் விளக்கியபின் திரையில் ஒரு கேள்வி வரும். அதில் கணக்கு இராது. கருத்து மட்டுமே இருக்கும். ஒவ்வொருவரும் யாருடனும் பேசாமல் ஓரிரு நிமிடம் யோசித்து வாக்களிக்க வேண்டும். சரியான விடை ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கும் 70 விழுக்காட்டுக்கும் இடையில் விழுந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரைத் தேடி ஏன் என்று வாதிடச் சொல்வார். பிறகு மீண்டும் வாக்கு. 30-க்கும் கீழே போனால் வாதிடுவதில் பயனில்லை, பாடத்தை மறுபடி விளக்க வேண்டும். 70-க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். கற்பித்தலின் அடுத்த அடியை அந்த வாக்குதான் தீர்மானிக்கிறது. தொழில்நுட்பத்தின் பங்கு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாக்கைப் பார்த்த பின்னும் ஆசிரியர் தயாரித்து வந்த அடுத்த பக்கத்துக்கே போவாரானால், வாக்கு எடுத்ததற்குப் பொருள் இல்லை.

இதை நம் ஊர்ப் பொருளில் வைத்துப் பார்க்கலாம். தோட்டத்துச் செம்மண் பாதையில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு 10 டன் எடையுள்ள லாரி வருகிறது. எதிரே, ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள மோட்டார்சைக்கிள். இரண்டும் மோதுகின்றன. மோதும் அந்தக் கணத்தில், லாரி மோட்டார்சைக்கிள்மீது செலுத்தும் விசை பெரியதா, மோட்டார்சைக்கிள் லாரிமீது செலுத்தும் விசை பெரியதா, அல்லது இரண்டும் சமமா? நியூட்டனின் மூன்றாம் விதியை இடைநிலைப்பள்ளி இறுதியில் வரும் எஸ்பிஎம் தேர்விலேயே எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் பலரும் லாரிக்கே வாக்களிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நசுங்கிக் கிடக்கும் மோட்டார்சைக்கிளைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். லாரியின் முன்பக்கத்தில் ஒரு கீறலைத்தான் பார்த்திருப்பார்கள். விடை, இரண்டு விசைகளும் சமம் என்பதே. சமமான விசை 200 கிலோ பொருளுக்கு, 10,000 கிலோ பொருளுக்குக் கொடுப்பதைப்போல் 50 மடங்கு முடுக்கத்தைக் கொடுக்கிறது; சேதத்தில் தெரியும் வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் அந்த முடுக்கம். அனுபவமும் விதியும் மோதிக்கொள்வதுபோல் தோன்றும் இடத்தில், விசையையும் விளைவையும் ஒன்றாக நினைத்ததே குழப்பம் என்று மாணவரே கண்டுபிடிக்கிறார். ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டுப் போனால் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடி லாரிக்கே வாக்களிப்பார்.

பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவது, கெட்டிக்காரன் விடையைப் பார்த்து எழுதுவதற்கு வேறு பெயர்தானே என்ற ஐயம் நியாயமானது. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பொன்றில் இதைச் சோதித்து, 2009-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கலந்துபேசிய பின், அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் தனியாக விடையளித்தனர். முதல் கேள்விக்கு யாருமே சரியான விடை தெரியாமல் பேசத் தொடங்கிய குழுக்களிலும் முன்னேற்றம் இருந்தது. ரிச்சர்ட் ஹேக் 1998-இல் வெளியிட்ட ஆய்வு 62 வகுப்புகளின் ஏறத்தாழ 6,500 மாணவர்களை ஒப்பிட்டது. தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கைக் கற்றார்கள் என்று அளந்தபோது, வழக்கமான விரிவுரையில் சராசரி 0.23, மாணவர் ஈடுபடும் வகுப்புகளில் 0.48. 2014-இல் ஸ்காட் ஃபிரீமனும் சக ஆய்வாளர்களும் 225 ஆய்வுகளைத் தொகுத்தனர். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் 33.8 விழுக்காட்டினர் தோல்வியுற்றனர், மாணவர் செயல்படும் வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினர். இந்த எண்கள் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களுக்குரியவை. இலக்கியத்துக்கும் சட்டத்துக்கும் அப்படியே பொருத்திப் பேசுவது முறையாகாது.

தோட்டப் பகுதியிலிருந்து வரும் மாணவருக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்திருப்பார். மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் ரிமூவ் வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்து, இடைநிலைப்பள்ளி முழுவதும் மலாயில் படித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படியான எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் தாண்டி, பல்கலைக்கழகத்துக்கு வரும்போது விரிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடும். மூன்று மொழிகளிலும் பாடம் படித்த ஒருவருக்கு எந்த மொழியிலும் கேள்வி கேட்கத் துணிவு வராமல் போவது வியப்பில்லை. தப்பாகச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற சபைக் கூச்சம் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே உண்டு. ஆங்கிலம் தடுக்கி விழுந்தால் பாடமே தெரியாதவன் என்று எண்ணிவிடுவார்கள் என்ற அச்சம் அதோடு சேர்ந்துகொள்கிறது. நூற்றைம்பது பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் 'எல்லாருக்கும் புரிந்ததா' என்று விரிவுரையாளர் கேட்கிறார், யாரும் கை தூக்குவதில்லை, அவர் அடுத்த பக்கத்துக்குப் போகிறார். கை தூக்கிப் பேசுபவர்கள் எப்போதும் அதே ஐந்தாறு பேர். அவர்களுக்குப் புரிந்ததை வைத்து மண்டபம் முழுவதற்கும் புரிந்தது என்று முடிவு செய்யப்படுகிறது.

பெயர் தெரியாமல் வாக்களிக்கும் வசதி இந்த நிலைமையை நேரடியாக மாற்றுகிறது. தன்னைப்போலவே 60 விழுக்காட்டினர் தவறான விடைக்கு வாக்களித்திருக்கிறார்கள் என்று திரையில் பார்க்கும் மாணவருக்கு, தான் மட்டுமே மக்கு இல்லை என்று தெரிவதே பாதிக் கல்வி. அதற்கடுத்த கலந்துரையாடலில் இன்னொரு நன்மை இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு வாதிடும்போது நம் மாணவர்கள் தமிழிலும் மலாயிலும் கலந்துதான் வாதிடுவார்கள். அதை விட்டுவிட வேண்டும். கருத்தைத் தமக்குக் கைவந்த மொழியில் அடித்துப் பேசித் தெளிந்த பின், அதை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதச் சொன்னால் இரண்டும் நடக்கும். முதலிலேயே ஆங்கிலத்தில் வாதிடு என்றால் வாதம் நடக்காது. 2020-இல் எல்லி தியோபால்டும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர் செயல்படும் வகுப்புகளில், வாய்ப்புக் குறைந்த பிரிவு மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 விழுக்காடும் தேர்ச்சி இடைவெளி 45 விழுக்காடும் குறைந்திருந்தன. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை மாணவர் செயல்பாட்டுக்கு ஒதுக்கிய பாடங்களில்தான் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. விரிவுரையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு வினாடி வினா வைப்பதால் அது கிடைக்காது.

வினாடி வினாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வகுப்பறைகளில் ஊடாட்டம் என்ற பெயரில் அதிகம் நடப்பது அதுவே. நார்வேயில் உருவாகி 2013-இல் வெளிவந்த கஹூட் என்ற வினாடி வினாச் செயலி இங்கே தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை எல்லாருக்கும் தெரியும். இசையும் வண்ணமும் முன்னிலைப் பட்டியலும் சேர்ந்து வகுப்பை எழுப்பிவிடுகின்றன, அதில் தவறில்லை. ஆனால் அதன் வழக்கமான அமைப்பில் விரைவாகத் தட்டியவருக்கே அதிகப் புள்ளி. ஆங்கிலக் கேள்வியைப் படித்து, மனத்துக்குள் தமிழாக்கிப் புரிந்துகொண்டு, பிறகு விடையைத் தேடும் மாணவர் சரியான விடையைத் தட்டினாலும் பட்டியலில் கீழேதான் இருப்பார். புரிதலை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, படிக்கும் வேகத்தை அளந்து, அதையும் எல்லார் முன்னாலும் திரையில் போட்டுக் காட்டுகிறோம்! வேகப் புள்ளியையும் பெயர்ப் பட்டியலையும் நிறுத்திவிட்டால் அதே செயலி உருப்படியாகப் பயன்படும். வாக்குக் கருவியை வருகைப் பதிவுக்கு மட்டும் பயன்படுத்துவதும் இதே வகைதான். நண்பனின் கைப்பேசியையும் சேர்த்து எடுத்து வரும் பழக்கத்தை வளர்ப்பதைத் தவிர அதனால் வேறு பயன் இல்லை.

உண்மையில் கருவியே தேவையில்லாமலும் இதைச் செய்யலாம். கனடாவில் கியூபெக் மாநிலக் கல்லூரி ஒன்றில் நத்தானியேல் லாஸ்ரி மின்னணு வாக்குக் கருவியையும் எழுத்துப் பொறித்த காகித அட்டைகளையும் ஒப்பிட்டு 2008-இல் எழுதினார். மாணவர் கற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவியால் ஆசிரியருக்கு லாபம் உண்டு: வாக்கு எண்ணிக்கை துல்லியமாகக் கிடைக்கும், பதிவாகும், அடுத்த ஆண்டு எந்தக் கேள்வியை மாற்ற வேண்டும் என்று தெரியும். பெயர் மறைப்பும் அட்டையில் அவ்வளவு முழுமையாக இராது. ஆனால் எல்லாரும் நெஞ்சுக்கு முன்னால் அட்டையைப் பிடித்தால் பின்வரிசைக்காரர் முன்வரிசை அட்டையைப் பார்க்க முடியாது. செலவு நான்கு வண்ணக் காகிதம். கைப்பேசியை வெளியே எடுக்க வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்ப்பவர்களின் மதிப்பெண் மட்டுமன்றி, அவர்கள் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களின் மதிப்பெண்ணும் குறைந்தது என்று 2013-இல் வந்த கனடிய ஆய்வு ஒன்று காட்டியது.

வகுப்புக்கு வெளியே வந்தால் சிக்கலே வேறு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பல்கலைக்கழகக் கற்பித்தல் இயங்கலைக்கு மாறியது. அந்த ஆண்டு ஜூனில் சபா மாநிலத்தின் பித்தாஸ் பகுதி மாணவி ஒருவர் இணையத் தொடர்புக்காக மரத்தில் ஏறி அமர்ந்து தேர்வெழுதிய செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. தோட்டப் புறங்களில் மரம் ஏறவில்லையே தவிர, லைன் கிடைக்கும் மேட்டைத் தேடி மோட்டார்சைக்கிளில் போய், அங்கேயே உட்கார்ந்து விரிவுரை கேட்டவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஒரு மணி நேர நேரலைக் காணொளி வகுப்பு சில நூறு மெகாபைட் டேட்டாவைத் தின்றுவிடும். அதே வகுப்பின் ஒலி மட்டும் என்றால் சில பத்து மெகாபைட் போதும். எழுத்தில் வரும் கேள்விக்கு ஒரு வாக்கு அனுப்ப ஆகும் அளவு அதில் பொருட்படுத்தத் தக்கதே இல்லை. ஆக, மிக ஊடாட்டமானது மிகச் செலவு குறைந்ததாகவும், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வைப்பது மிகச் செலவு கூடியதாகவும் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் அந்த நெருக்கடியில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தன. 2015–2025 உயர்கல்விப் பெருந்திட்டம் இயங்கலைக் கற்றலை அதன் மாற்றங்களில் ஒன்றாக வைத்திருந்தும், பொதுப் பல்கலைக்கழகங்கள் 2014-இலேயே திறந்த இயங்கலைப் பாடங்களைத் தொடங்கியிருந்தும், நெருக்கடி வந்தபோது மண்டபத்து விரிவுரையை அப்படியே கேமராவுக்கு முன் நகர்த்தி வைத்ததே அதிகம்.

இணையம் தடுமாறும் இடத்துக்கென்றே பொருந்தும் கருவிகளும் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' உருவகச் சோதனைகள் இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். மொழிபெயர்ப்புகளில் தமிழும் உண்டு. மின்சுற்றில் கம்பியைத் துண்டித்தால் எந்த விளக்கு அணையும் என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு துண்டித்துப் பார்க்கச் சொன்னால் அது பாடம். ஊகிக்கச் சொல்லாமல் விட்டால் அது வெறும் விளையாட்டு. நம் பல்கலைக்கழகங்களும் பயன்படுத்தும் மூடுல் என்ற இயங்கலைக் கற்றல் தளத்தை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறத்தில் வானொலி வழியே பள்ளிப் பாடம் கேட்டு வளர்ந்தவர். 2002-இல் வெளிவந்த அந்தத் தளத்தில் கலந்துரையாடலுக்கும் மாணவர்கள் ஒருவர் மற்றவரின் கட்டுரையை மதிப்பிடுவதற்கும் இடம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதை விரிவுரைக் குறிப்புகளைப் போட்டு வைக்கும் அலமாரியாகப் பயன்படுத்துகிறோம்.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் ஏன் பரவவில்லை என்பதற்கு ஆசிரியரின் சோம்பல் காரணம் என்று சொல்வது எளிது. உண்மை அதைவிடச் சிக்கலானது. ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தாமே முயன்று கற்ற வகுப்பில் அதிகம் கற்றார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான, சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போன்ற நிறைவு கிடைத்தது. பருவ இறுதியில் மாணவர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தை வைத்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் இளம் விரிவுரையாளர், மாணவரைத் திணற வைக்கும் முறையை ஏன் தேர்ந்தெடுக்கப் போகிறார்? அந்த ஆய்வாளர்கள் சொன்ன பரிகாரம், இப்படி ஓர் உணர்வு வரும், அது ஏன் வருகிறது என்று பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் விளக்கிவிடுவது. நம் சூழலில், படிவத்தின் கேள்விகளையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பேன். 'விரிவுரை தெளிவாக இருந்ததா' என்று மட்டும் கேட்கும் படிவம் பழைய முறைக்கே பரிசு கொடுக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டிலிருந்து தட்டி அனுப்பும் இயங்கலைப் பயிற்சிகளின் மதிப்பெண்ணை நம்ப முடியாமல் போயிருப்பதும், நேருக்கு நேர் நடக்கும் வாதத்தின் மதிப்பைக் கூட்டியிருக்கிறது.

பெரிய செலவு கேள்விகளில் இருக்கிறது. 14 வாரப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு விரிவுரை, ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி என்றால் ஒரு பாடத்துக்கு 84 கேள்விகள் வேண்டும். மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்வியை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர் உண்மையிலேயே நம்பும் ஒரு பிழையிலிருந்து பிறக்க வேண்டும் என்றால், பல ஆண்டு விடைத்தாள்களைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். இயற்பியலுக்கு அப்படிப்பட்ட தொகுப்புகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. தமிழ் வழிப் பாடங்களுக்கு நாம்தான் எழுத வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையிலும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ் இலக்கணம் கற்பிக்கப்படுகிறது. 'பசு', 'காசு' இரண்டும் வல்லின மெய் ஊர்ந்த உகரத்தில் முடிகின்றன. இரண்டும் குற்றியலுகரமா என்று கேட்டு வாக்கெடுத்தால், வரையறையில் பாதியை மனப்பாடம் செய்தவர்கள் ஆம் என்றே சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லிக் காட்டச் சொல்ல வேண்டும். 'காசில்லை' என்று உகரம் மறையும், 'பசுவில்லை' என்று உகரம் நிற்கும். தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் குறையாது என்ற விதியை அதற்குப் பிறகு சொன்னால் போதும், காது அதை முன்பே ஒப்புக்கொண்டிருக்கும். இத்தகைய கேள்விகளை இரண்டு துறைகளும் பகிர்ந்து எழுதி, வாக்கு விவரங்களோடு ஒரே இடத்தில் வைத்தால், ஒருவரே 84 கேள்விகளைச் சுமக்க வேண்டியதில்லை. அதற்குப் புதிய பலகையோ புதிய செயலியோ வாங்க வேண்டாம். கேள்வி எழுதும் விரிவுரையாளருக்கு ஒரு பருவம் கற்பிக்கும் நேரத்தில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் ஆகும்.